உப்பு உள்ளே போகும், மசாலா வெளியே நிற்கும்: புகையில் வேகும் பன்றி விலாவுக்கு முன்தயாரிப்பு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிவந்த முதல் கோடையில், கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பான ‘ஸ்மோக்கர்’ ஒன்று பழையதாக மலிவாகக் கிடைத்தது. கடையில் ஒரு முழு வரிசை பன்றி விலாவை வாங்கிவந்து, ஊரில் ஆட்டுக்கறிக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சைச் சாறு. சீக்கிரம் வேகட்டும் என்று கொஞ்சம் பப்பாளிக்காய் விழுது வேறு. உப்பை மட்டும் பயந்து பயந்து அரைத் தேக்கரண்டி போட்டேன். இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஆறு மணிநேரம் புகையில் வைத்தேன். இறக்கிப் பார்த்தால் மேல்பரப்பு பிசுபிசுவென்று சேறு மாதிரி இருந்தது. தயிர் திட்டுத் திட்டாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கடித்தால் உள்ளே சப்பென்று ஒன்றுமே இல்லை. இரவெல்லாம் ஊறிய மசாலாவில் பாதி, அடியில் வைத்திருந்த தட்டில் சொட்டிக் கிடந்தது.

அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குழம்பிலோ விந்தாலுவிலோ ஊறவைத்த மசாலா கறியோடு சேர்ந்து சட்டிக்குள்ளேயே போகிறது. கறிக்குள் இறங்காவிட்டாலும் குழம்பாக மாறித் தட்டுக்கு வந்துவிடும். நாம் அள்ளிச் சாப்பிடுகிறோம், ‘மசாலா நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்று சொல்கிறோம். புகையில் வேகும் கறிக்குச் சட்டி கிடையாது. கம்பிமேல் கிடக்கிறது. கறிக்குள் இறங்காதது எல்லாம் ஒன்று மேலேயே ஒட்டிக் காய வேண்டும், இல்லை கீழே சொட்ட வேண்டும். ஆகவே ‘எத்தனை மணிநேரம் ஊறவைப்பது’ என்று கேட்பதற்கு முன் ‘எது உள்ளே போகும், எது போகாது’ என்று கேட்க வேண்டும்.

பதில் சுருக்கமானது. உப்பு உள்ளே போகும். மற்றதில் ஏறக்குறைய எல்லாமே வெளியில்தான் நிற்கும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வருகிற பாதிச் சடங்குகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குக் காரணமே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

எந்த விலா?

கடையில் பொதுவாக மூன்று பெயர்கள் பார்க்கலாம். ‘பேபி பேக்’ என்பது குட்டிப் பன்றியின் விலா கிடையாது. முதுகெலும்பை ஒட்டிய மேல்பக்க விலா; நீளம் குறைவு என்பதால் அந்தப் பெயர். ஒரு வரிசை சுமார் 1 கிலோ வரும். சதை மென்மையாக, கொழுப்பு குறைவாக இருக்கும். ‘ஸ்பேர் ரிப்ஸ்’ வயிற்றுப் பக்கம் இறங்கும் கீழ்ப்பாகம். எலும்பு நீளம், கொழுப்பு அதிகம், ருசியும் அதிகம். அதன் ஓரத்தில் இருக்கும் குருத்தெலும்புப் பகுதியையும் தொங்கும் சதையையும் வெட்டிவிட்டு நேரான செவ்வகமாக்கினால் ‘செயின்ட் லூயிஸ் கட்’. முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரே கனமாக இருப்பதால் ஒரே சீராக வேகும். கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் தவறினாலும் காய்ந்து போகாது. வெட்டி எடுத்த குருத்தெலும்புத் துண்டுகளை எறிந்துவிட வேண்டாம், அவற்றையும் கூடவே புகையில் போடலாம். சிகாகோவின் தென்பகுதியில் அதற்கென்றே கடைகள் உண்டு.

‘கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ்’ என்று ஒன்று விற்பார்கள். பெயரில்தான் விலா. தோள்பட்டைப் பக்கத்துக் கறி அது. நல்ல கறிதான், ஆனால் இந்தக் கணக்கு அதற்கு ஒத்துவராது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வெட்ட வேண்டாம், முழு வரிசையாக வேண்டும் என்று. நாம் வாயைத் திறப்பதற்குள் கத்தி நாலு போடு போட்டிருக்கும்.

வாங்கும்போது லேபிளின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் பன்றிக்கறி நிறைய, தண்ணீரும் உப்பும் சோடியம் பாஸ்பேட்டும் கலந்த கரைசலை ஊசி மூலம் ஏற்றியது. எத்தனை சதவீதம் கரைசல் என்று லேபிளில் போட்டிருக்கும். அந்தக் கறிக்கு ஏற்கெனவே உப்புப் போட்டாயிற்று. அதன்மேல் நீங்களும் போட்டால் கருவாடுதான். முடிந்தவரை கரைசல் ஏற்றாததை வாங்குவதே நல்லது. உப்பு நம் கையில் இருக்கும்.

ஒரு தோலை உரிக்க வேண்டும்

விலாவின் எலும்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பளபளவென்று வெள்ளையாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை விட்டுவைத்தால் வெந்தபின் பிளாஸ்டிக் தாள் மாதிரி பல்லில் சிக்கும். அந்தப் பக்கத்தில் உப்பும் மசாலாவும் சதையைத் தொடவும் தொடாது. ஏதாவது ஒரு எலும்பின் மேல் தேக்கரண்டியின் காம்பைச் சவ்வுக்கு அடியில் நுழைத்துக் கொஞ்சம் நெம்புங்கள். ஒரு விரல் நுழையும் அளவு வந்ததும் பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே இழுப்பில் முழுதாக வரும். வெறும் கையால் பிடித்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். சில கடைகளில் உரித்தே விற்கிறார்கள். அது தெரியாமல் கால் மணிநேரம் சவ்வைத் தேடிக்கொண்டிருந்த ஆள் நான்.

மேல்பக்கத்தில் கெட்டியாகத் திரண்டிருக்கும் கொழுப்பையும் செதுக்கிவிடுங்கள். மெல்லிய படலமாக இருப்பது உருகிவிடும். விரல்கனத்தில் இருப்பது உருகாது. அதன்மேல் போட்ட மசாலா எல்லாம் கொழுப்போடு தட்டின் ஓரத்துக்குத்தான் போகும்.

உப்பு: இதற்குத்தான் நேரம் வேண்டும்

உப்பு கறிமேல் பட்டதும் முதல் கால்மணி நேரத்தில் ஈரத்தை வெளியே இழுக்கும். மேற்பரப்பு வியர்த்த மாதிரி இருக்கும். பதற வேண்டாம். அந்த ஈரத்தில் உப்பு கரைந்து உப்புநீராகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உள்ளே போகும். கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கரைந்த உப்பின் சோடியம், குளோரைடு அயனிகள் மிகச் சிறியவை என்பதால் அந்தத் தண்ணீர் வழியே மெதுவாக உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். போகும் வழியில் தசைநார்ப் புரதங்களைத் தளர்த்திவிடுகிறது. தளர்ந்த புரதம் வேகும்போது தண்ணீரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மணிநேரம் புகையில் கிடந்தும் கறி காய்ந்து போகாமல் இருப்பதில் உப்புக்கும் பங்கு உண்டு என்பது இதனால்தான்.

மிளகு, பூண்டு, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி), சீரகம் இவற்றின் வாசனைப் பொருட்கள் அப்படி இல்லை. அவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. பல எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. இரவு முழுக்க வைத்தாலும் சில மில்லிமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். நன்றாக ஊறிய தந்தூரிக் கோழியை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்குமே, அதே கதைதான்.

ஆகவே நான் உப்பையும் மசாலாவையும் பிரித்துவிடுகிறேன். கறிமேல் பூசுவதற்கென்று கடையில் விற்கும் ‘ரப்’ மசாலாப் பொடிகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அதில் என்ன பிரச்சினை? மசாலா கூடுதலாக வேண்டும் என்று இன்னொரு கை அள்ளிப் போட்டால் உப்பும் கூடவே ஏறிவிடுகிறது. உப்புக்குப் பயந்து குறைத்தால் மசாலா பத்தாது. விலாவில் சதை மெல்லிசு, மேற்பரப்பு அதிகம் என்பதால் இந்தத் தவறு நன்றாகவே தெரியும்.

எவ்வளவு உப்பு? எலும்போடு சேர்த்து எடைபோட்டு, கிலோவுக்கு 8 முதல் 10 கிராம். கடைசியில் சாஸ் பூசப் போகிறீர்கள் என்றால் 8 போதும். எலும்பு சும்மா எடையைக் கூட்டுவதால் சதைக்குக் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். தராசு இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தேக்கரண்டிக் கணக்கு உப்புக்கு உப்பு மாறும். நம் வீட்டுத் தூள் உப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ‘கோஷர் உப்பு’ பொரிபொரியாக இருக்கும். அதிலேயே டைமண்ட் கிரிஸ்டல் கம்பெனியின் உப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம்தான், மார்ட்டன் கம்பெனியின் உப்பு 5 கிராமுக்குப் பக்கத்தில் வரும். ‘2 தேக்கரண்டி கோஷர் உப்பு’ என்று படித்துவிட்டு நம் தூள் உப்பை 2 தேக்கரண்டி போட்டால் உப்பு இரண்டு மடங்குவரை போய்விடும். பத்து டாலருக்குக் கிடைக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். எனக்கு ஸ்மோக்கரைவிட அதனால்தான் சமையல் தேறியது.

உப்பில் மூன்றில் இரண்டு பங்கைச் சதைப் பக்கத்திலும், மீதியை எலும்புப் பக்கத்திலும் உயரத்தில் இருந்து சீராகத் தூவுங்கள். மூடாமல், ஒரு தட்டின் மேல் கம்பிவலை வைத்து அதில் கிடத்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 மணிநேரம் போதும், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. இரண்டு நாள் விட வேண்டாம். இவ்வளவு மெல்லிய சதையில் உப்பு அதிக நேரம் நின்றால் கறி இறுகி, உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடையான ஹாம் மாதிரி ஆகிவிடும். அதுவும் ஒரு ருசிதான், ஆனால் நாம் தேடி வந்தது அது இல்லை. மூடாமல் வைப்பதில் இன்னொரு லாபம்: மேற்பரப்பு காய்ந்து லேசாக ஒட்டும் பதத்துக்கு வரும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் கறி, அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை நிறமே பிடிக்காது.

ரப்: மேலே நிற்கப் போவதை ஒழுங்காக நிறுத்துவது

மசாலா வெளியேதான் நிற்கும் என்றால் அது வீண் என்று அர்த்தமாகாது. விலாவைக் கடிக்கும்போது ஒவ்வொரு கடியிலும் மேற்பரப்பு வருகிறது. தொடைக்கறி போல நடுவில் தனியாகச் சதை கிடையாது. மேலே இருக்கும் மசாலா, கறியின் புரதம், சர்க்கரை, உருகும் கொழுப்பு, புகை எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் காய்ந்து ஒரு கருஞ்சிவப்பு மேலோடு உண்டாகிறது. மரப்பட்டை போல இருப்பதால் அமெரிக்கர்கள் அதைப் ‘பார்க்’ என்கிறார்கள். ஸ்மோக்கர் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்டோ அனுப்பிப் பெருமைப்படுவது இதைத்தான். ரப்பின் வேலையே இந்த மேலோட்டைக் கட்டுவதுதான்.

இரண்டு வரிசை விலாவுக்கு நான் கலப்பது இது. இனிப்புப் பாப்ரிகா 3 மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை 3 மேசைக்கரண்டி, கொரகொரப்பான மிளகுத்தூள் 1 மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் 1 மேசைக்கரண்டி, வெங்காயத்தூள் 1 மேசைக்கரண்டி, கடுகுத்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, காரத்துக்கு மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு இல்லை. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும்.

இதில் சர்க்கரையைப் பற்றி நம்மவர்களுக்குத் தயக்கம் இருக்கும். கறிக்குச் சர்க்கரையா? மிளகும் புகையும் உப்பும் ஒரு பக்கம் கூர்மையாக இழுக்கும்போது இனிப்பு அதைச் சமன்படுத்துகிறது. தவிர நிறத்துக்கும் மேலோட்டுக்கும் அது தேவை. கருகிவிடாதா என்றால், வெப்பத்தைப் பொறுத்தது. ஸ்மோக்கரில் வெப்பம் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். அமெரிக்கக் கணக்கில் 225 முதல் 250 ஃபாரன்ஹீட். வெள்ளைச் சர்க்கரை உருகிக் காரமலாக மாறவே 160 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் கருகாது, மெதுவாகச் சிவக்கும். இதே ரப்பைத் தடவி நேரடியாகக் கனல்மேல் போட்டால் பத்து நிமிடத்தில் கரியாகும். அமெரிக்கர்களின் பழுப்புச் சர்க்கரையில் கரும்புப் பாகின் கசண்டு கலந்திருக்கும். நம் நாட்டுச் சர்க்கரை அதற்கு நல்ல மாற்று. சொல்லப்போனால் வாசனை இன்னும் மேல்.

அடுத்தது மிளகாய். இதில்தான் நம்மவர்கள் பலர் மாட்டுகிறார்கள். அமெரிக்கக் குறிப்பில் ‘சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி’ என்று இருந்தால், அது நம் மிளகாய்த்தூள் கிடையாது. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, பூண்டு எல்லாம் சேர்த்து அரைத்த கலவைப் பொடி அது. ‘சில்லி’ என்ற கறிக்குழம்புக்காக உண்டானது. நம் மிளகாய்த்தூளுக்கு அங்கே நெருங்கிய சொந்தம் ‘கயேன்’. குறிப்பை அப்படியே நம்பி நம் மிளகாய்த்தூளை இரண்டு மேசைக்கரண்டி போட்டுவிட்டு ஒரு நண்பர் வீட்டு விருந்தில் எல்லோரும் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். பாப்ரிகா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளைப் பாதி அளவு போடலாம், நிறம் கிடைக்கும். காரத்துக்குத் தனியாக வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

பூண்டுத்தூளுக்குப் பதில் பச்சைப் பூண்டு விழுது ஆகாதா என்றும் கேட்பார்கள். விழுதில் தண்ணீர் இருக்கிறது. அது மேற்பரப்பை ஈரமாக்கி மேலோடு கட்டுவதைத் தள்ளிப்போடும், பிறகு காய்ந்து கசக்கும். இந்தச் சமையலுக்குத் தூள்தான் சரி. கடைப் பூண்டுத்தூளைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு இடத்தில் விட்டுவிடலாம்.

தூள் ஒட்ட ஏதாவது பசை வேண்டும். பெரும்பாலானோர் பூசுவது அமெரிக்க மஞ்சள் கடுகு சாஸ். ஒரு மேசைக்கரண்டி எடுத்து மெல்லிசாக, கறி தெரியும்படி தடவினால் போதும். வெந்த பிறகு கடுகு வாசனை தேடினாலும் கிடைக்காது. அதிலிருக்கும் வினிகர் பறந்துவிடும், மிச்சம் மேலோட்டோடு கலந்துவிடும். அந்த சாஸின் பளிச்சென்ற மஞ்சள், கடுகின் நிறமில்லை, நம் மஞ்சள்தூளின் நிறம். கடுகு சாஸ் இல்லையென்றால் எண்ணெய், அதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீர். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

‘ரப்’ என்று பெயர் இருந்தாலும் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் திட்டுத் திட்டாக உருளும். தூவி, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். சதையின் நிறம் அங்கங்கே மங்கலாகத் தெரிகிற அளவு போதும். சுவருக்குச் சிமெண்டு பூசுவதுபோல் பூசினால் உள்ளே பொடி பச்சையாகவே நின்று நறநறக்கும். உப்பு இல்லாத ரப் என்பதால் இதை எப்போது போடுகிறோம் என்பது பெரிய விஷயம் இல்லை. நெருப்பு மூட்டும்போது போடுகிறேன். ஸ்மோக்கர் சூடேறுவதற்குள் பொடி ஈரமாகி மினுமினுப்பாக மாறியிருக்கும்.

அப்படியானால் ஊறவைக்கவே கூடாதா?

வைக்கலாம். எதற்காக என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறியை மிருதுவாக்க என்றால் வேண்டாம். விலாவை முரடாக்குவது கொலாஜன் என்ற இணைப்புத் திசு. அது ஜெலட்டினாக மாறுவதற்கு வெப்பமும் நேரமும்தான் வழி. பன்றிக்கறியின் பெரிய துண்டுகள் 63 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நிமிடம் நின்றால் பாதுகாப்பு என்று அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் சொல்கிறது. ஆனால் 63இல் விலாவை எடுத்தால் ரப்பரைக் கடிப்பது போல இருக்கும். 90 முதல் 95 டிகிரி வரை மெதுவாகக் கொண்டுபோனால்தான் எலும்பை விட்டுச் சதை நழுவும். எலுமிச்சையோ வினிகரோ உள்ளே இருக்கும் கொலாஜனைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அவை மேற்பரப்புப் புரதத்தை மட்டும் குலைக்கும். நேரம் கூடினால் அது மாவாகக் கரையும்.

பப்பாளி இன்னும் மோசம். அதிலுள்ள பாப்பெய்ன் என்ற நொதி 60, 70 டிகிரி வெப்பத்தில்தான் மிகவும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குக்கரில் அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறோம், நொதி செத்துவிடும். ஸ்மோக்கரிலோ கறி அந்த எல்லையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். என் முதல் விலாவின் மேற்பரப்பு சேறானது தயிரால் மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்னாசி, பச்சை இஞ்சி இரண்டிலும் இதே குணம் உண்டு.

மேற்பரப்புக்கு வேறொரு வாசனை வேண்டும் என்பதற்காக ஊறவைப்பது நியாயமான காரணம். ஜமைக்காவின் ‘ஜெர்க்’ பன்றிக்கறி இதற்கு நல்ல உதாரணம். போர்ட்லண்ட் மாவட்டத்தில் உள்ள பாஸ்டன் பே என்ற கடற்கரை ஊர் இதற்குப் பேர்போனது. ஆல்ஸ்பைஸ், ஸ்காட்ச் பானட் மிளகாய், வெங்காயத்தாள், தைம், பூண்டு, இஞ்சி, தாராளமாக உப்பு எல்லாவற்றையும் கெட்டி விழுதாக அரைத்துக் கறியில் அப்பி ஊறவிடுவார்கள். பிறகு அதே ஆல்ஸ்பைஸ் மரத்தின் கட்டைகளின் மேல் போட்டு அந்தப் புகையிலேயே வாட்டுவார்கள். மசாலாவும் புகையும் ஒரே மரத்திலிருந்து வருகின்றன. அதனால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. விழுது தண்ணியாக இல்லாமல் கெட்டியாக இருப்பதால் சொட்டுவதும் குறைவு. உள்ளே போகிற வேலையை அங்கேயும் உப்புதான் பார்க்கிறது.

அப்படி ஊறவைத்தால் சில விஷயங்கள் கவனம். ஃபிரிட்ஜில், 4 டிகிரிக்குக் கீழேதான். சமையல் மேடையில் வைக்கவே கூடாது. புளிப்பு இருந்தால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கண்ணாடி, எவர்சில்வர் அல்லது ஜிப் பை. சோயா சாஸ், மீன் சாஸ் இருந்தால் அவற்றின் உப்பையும் கணக்கில் சேர்த்துத் தனி உப்பைக் குறைக்க வேண்டும். எடுத்ததும் ஒட்டியிருக்கும் நீரைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்மோக்கரில் வைக்க வேண்டும். பச்சைக்கறி ஊறிய சாற்றை மறுபடி கறிமேல் பூச ஆசைப்பட்டால் கொதிக்கவைத்த பிறகே பூசலாம்.

ஊருக்கு ஒரு வழக்கம்

டெக்சாஸ்காரர்களிடம் போனால் உப்பும் மிளகும் மட்டும் போதும் என்பார்கள்; மாட்டு நெஞ்சுக்கறிக்கு உண்டான அந்த வழக்கத்தை விலாவுக்கும் பலர் கடைப்பிடிக்கிறார்கள். கேன்சஸ் சிட்டியில் ரப்பில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், மேலே தக்காளியும் கரும்புப்பாகுக் கசண்டும் சேர்ந்த கெட்டி சாஸ். நான் இருக்கும் மெம்ஃபிஸில் ஹோட்டலில் உட்கார்ந்ததும் ‘ஈரமா, உலர்ந்ததா’ என்று கேட்பார்கள். ஈரம் என்றால் சாஸ் பூசியது, உலர்ந்தது என்றால் மசாலாத்தூள் மட்டும்.

உலர்ந்த விலாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நகர மையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ‘ரான்டேவூ’. கிரேக்க வம்சாவளியினரான சார்லி வெர்கோஸ் 1948இல் தொடங்கியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பழைய நிலக்கரி இறக்கும் குழாய் ஒன்று இருக்க, அதைப் புகைபோக்கியாக்கி அடுப்புப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், உலர்ந்த விலாவுக்குப் பெயர்போன அந்த இடத்தில் கறியை இரவெல்லாம் ஊறவைப்பதும் இல்லை, மெதுவாகப் புகையில் வேகவைப்பதும் இல்லை. கரியடுப்பின் மேல் வாட்டி, வினிகர் கலந்த நீரைப் பூசி, இறக்கிய பிறகுதான் மசாலாவைத் தூவுகிறார்கள். மசாலா மேற்பரப்பில்தான் நிற்கும் என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் ஒத்துக்கொண்ட சமையல். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஸ்மோக்கரில் வைக்கும் நாள்

வெள்ளி இரவு உப்பு. சனி காலை ஹிக்கரியோ ஆப்பிள் கட்டையோ போட்டு நெருப்பு மூட்டி, வெப்பம் நிலைக்கும் நேரத்தில் கடுகும் ரப்பும். கறியை அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே தேவையே இல்லை. குளிர்ந்த மேற்பரப்பில் புகை நன்றாகப் படியும். சதையின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம், புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வருவது. கறி 60 டிகிரியைத் தாண்டினால் அது நின்றுவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வைத்தால் அந்த எல்லைக்குப் போக நேரம் அதிகம் ஆகும்.

முதல் ஒன்றரை மணிநேரம் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் தெளிக்கும் ஆசையும் வேண்டாம். அந்த நேரத்தில் ரப் இன்னும் ஒட்டிப் பிடித்திருக்காது, தெளித்தால் கழுவிக்கொண்டு போகும். விரலால் தொட்டால் மசாலா கையோடு வராத நிலை வந்த பிறகு, காய்ந்தது போலத் தெரியும் இடங்களில் மட்டும் ஆப்பிள் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளிக்கலாம்.

‘3-2-1’ என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள்: 3 மணிநேரம் திறந்த புகையில், 2 மணிநேரம் அலுமினியத் தாளில் பொதிந்து, கடைசி 1 மணிநேரம் மறுபடி திறந்து சாஸ் பூசி. என் ருசிக்கு 2 மணிநேரப் பொதிவு ரொம்ப அதிகம். கஷ்டப்பட்டுக் கட்டிய மேலோடு அந்த ஆவியில் ஊறித் தொளதொளத்துவிடும், எலும்பை இழுத்தால் தனியாக வந்துவிடும். அமெரிக்கப் போட்டிகளில் அப்படி உதிர்வதைக் குழைந்துபோனது என்றுதான் நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடித்த இடத்தில் பல் அச்சு தெரிய வேண்டும். நான் ஒரு மணிநேரம் மட்டும் பொதிகிறேன். தாளுக்குள் வெண்ணெய், சர்க்கரை, சாறு என்று எது ஊற்றினாலும் அதில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடை சாஸ் எல்லாவற்றிலும் உப்பும் இனிப்பும் ஏறியேதான் இருக்கும். அதனால்தான் முதலிலேயே 8 கிராமில் நிறுத்தச் சொன்னேன். சாஸ் பூசுவது கடைசி 20, 30 நிமிடம்.

இடுக்கியால் வரிசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் வளைந்து மேற்பரப்பு லேசாக வெடிக்க வேண்டும். அதுதான் பதம். பத்து நிமிடம் ஆறவிட்டு, எலும்புப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டு எலும்புகளுக்கு நடுவே வெட்டுங்கள். எலும்பு எங்கே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில்தான் தெரியும். வெட்டியதும் மிஞ்சிய ரப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவிப் பாருங்கள், ரான்டேவூ பாணியில். ஒரு துண்டில் தூவி, இன்னொன்றைச் சும்மா விட்டு, இரண்டையும் அடுத்தடுத்துக் கடித்துப் பார்த்தால் அடுத்த வாரம் ரப்பில் எதைக் கூட்டுவது என்று நாக்கே சொல்லிவிடும். மீதிப் பொடி காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு மூன்று மாதம் வாசனை குறையாமல் இருக்கும். உப்பு இல்லாததால் கோழிக்கோ உருளைக்கிழங்கு வறுவலுக்கோ கணக்குப் பார்க்காமல் எடுத்துப் போடலாம்.